வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச புழு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் ஊருக்குப் போய் அம்மாவோட பட்டுப்புழு ஷெட்டுல ரெண்டு நாள் இலை போட்டுட்டு வந்ததுல, ரொம்ப நாளா மனசுல கெடந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு தோணுச்சு. கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்குங்க மக்கா.

ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். அப்பா போனப்புறம் ஷெட்டை அம்மாதான் பாத்துக்கறாங்க. ரெண்டு ஏக்கர் மல்பெரி, ஒரு போர், ஒரு ஷெட், அதுக்கு ஒரு பேங்க் லோன். 2021-ல ரெண்டாவது அலை வந்தப்ப நானும் பொட்டியைத் தூக்கிட்டு ஊருக்கே போயிட்டேன். காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங், நடுவுல புழுவுக்கு இலை, ராத்திரி டெப்ளாய்மென்ட். (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியம்தான்.)

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. முட்டையில இருந்து வரும்போது பட்டுப்புழு அரை மில்லிகிராம் கூட இருக்காது. இருபத்தஞ்சு நாள்ல நாலு தடவை தோலுரிச்சு நாலஞ்சு கிராமுக்கு வந்துடும். ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு! நம்ம வீட்டுல மூணு கிலோவுல பொறந்த குழந்தை ஒரே மாசத்துல முப்பது டன் ஆன மாதிரி. அதுல இன்னொரு கூத்து என்னன்னா, அது மொத்தமா திங்கற இலையில எண்பது சதவீதத்துக்கு மேல கடைசி ஒரு வாரத்துல, அஞ்சாம் பருவத்துலதான் திங்கும். அந்த வாரம் வீட்டுல யாரும் ஒழுங்காத் தூங்க முடியாது. ஷெட்டுக்குள்ள நின்னா தகரத்து மேல மழை பெய்யற மாதிரி ஒரு சத்தம். எல்லாம் வாய் மெல்லுற சத்தம்தான்.

எத்தனை தடவை தோலுரிக்கணும், எப்ப கூடு கட்டணும்னு முடிவு பண்றதுல இளமை ஹார்மோனுக்குப் பெரிய பங்கு இருக்கு. அது உடம்புல இருக்கற வரைக்கும் புழு புழுவாவே இருந்து தின்னும், வளரும். கடைசிப் பருவத்துல அது குறைஞ்சாத்தான் கூடு கட்டற நினைப்பே வரும். ஜப்பான்ல ஒரு பிறழ்வு ரகம் இருந்துச்சு. நாலு தோலுரிப்பு முடியறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு, சின்னப் புழுவாவே கூடு கட்டிடும். இந்த ஹார்மோனைத் தயாரிக்கற ஒரு நொதியோட ஜீன் அதுல பழுதாகியிருக்குன்னு 2012-ல கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு ஜீன். கோடுல ஒரு ஃபங்ஷன் உடைஞ்சா மொத்த லூப்பும் சீக்கிரம் வெளிய வந்துடும்ல, அதே கதை.

சரி, சொந்தக் கதைக்கு வரேன்.

அந்த பேட்ச் 150 முட்டைத் தொகுதி. அஞ்சாம் பருவம் நாலாவது நாள், போர் மோட்டார் காயில் கருகிடுச்சு. ஊரடங்கு நேரம், ரீவைண்டிங் கடை எதுவும் திறக்கல. தண்ணி இல்லாம நம்ம தோட்டத்து இலை வாட ஆரம்பிச்சுது. நான் ஹீரோ மாதிரி பைக்கை எடுத்துட்டுப் போய், நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துல இலை விலை பேசி, டெம்போவுல ஏத்திட்டு வந்துட்டேன். பச்சைப் பசேல்னு நல்லா செழிப்பான இலை.

சாயங்காலம் ஒரு பக்கத்துத் தட்டு வரிசைக்கு மட்டும் அந்த இலையைப் போட்டோம். பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பக்கம் மழைச் சத்தம் வரல.

புழுவெல்லாம் தலையைத் தூக்கி வெச்சுட்டு சும்மா இருந்துச்சு. சிலது இலை மேல ஏறி, வாயை வெச்சுப் பாத்துட்டு, விளிம்புக்கு நகந்து போச்சு.

"கண்ணு, இலை சரியில்லை போல. எடுத்துப் போடு"ன்னாங்க அம்மா.

"இல்லம்மா, தோட்டம் மாறுனதால புதுசா இருக்கும். பசிச்சா தானா திங்கும்"னேன்.

"புழு சும்மா வேண்டாங்காது சாமி."

நான் கேக்கல. ஆறாயிரம் ரூவா குடுத்து வாங்கின இலை. அதுவும் இல்லாம, நான் இஞ்சினியர் இல்லையா!

ராத்திரி பதினோரு மணிக்குப் பசி தாங்காம திங்க ஆரம்பிச்சுது. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுட்டு கால்ல உக்காந்தேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு அம்மா கூப்பிட்டாங்க. அந்த வரிசை முழுக்கப் புழு தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிட்டு, பச்சையா கக்கிட்டு, உடம்பு சுருங்கிக் கெடந்துச்சு. அந்தத் தோட்டத்துக்காரர் பக்கத்து வயல்ல தக்காளிக்கு மருந்து அடிச்சிருந்தார், காத்துல மல்பெரி மேலயும் படிஞ்சிருந்துச்சு. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். எப்ப மருந்து அடிச்சீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம வாங்கினது நான்.

பாதி பேட்ச் போச்சு. அந்த மாசம் லோன் தவணையை என் சம்பளத்துல கட்டினோம். அம்மா ஒரு வார்த்தை திட்டல. செத்த புழுவை எல்லாம் அள்ளி, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான், புழு எப்படி வேண்டாம்னு முடிவு பண்ணுதுன்னு தேட ஆரம்பிச்சேன். (குற்ற உணர்ச்சியில ராத்திரி ரெண்டு மணிக்கு ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சவங்க கை தூக்குங்க.)

பட்டுப்புழு ஏன் மல்பெரி மட்டும் திங்குதுன்னு அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடியே ஜப்பான்ல பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு. இலையோட எந்த வாசனை புழுவை இழுக்குது, எந்தப் பொருள் கடிக்க வைக்குது, எது முழுங்க வைக்குதுன்னு தனித்தனியாப் பிரிச்சாங்க. அதை வெச்சு செயற்கைத் தீவனமே வந்துச்சு. 2009-ல, மல்பெரி இலையில இருக்கற சிஸ்-ஜாஸ்மோன்ங்கற வாசனைதான் புழுவை வலுவா இழுக்குதுன்னும், அதை மோந்து பாக்கற ஏற்பி எதுன்னும் கண்டுபிடிச்சாங்க. அப்ப நான் நெனச்சுது, இது மல்பெரி மேல இருக்கற காதல்னு.

ஆனா 2019-ல சீன விஞ்ஞானிகள் வெளியிட்ட ஒரு ஆய்வு, கதையைத் திருப்பிப் போட்டுச்சு. புழுவோட வாய்ப்பகுதியில ருசி பாக்கற ஏற்பிகள்ல ஒண்ணு ஜிஆர்66. கசப்பை உணர்ற வகைன்னு கருதப்படறது. கிரிஸ்பர் முறையில அந்த ஒரே ஒரு ஜீனை முடக்கிட்டாங்க. என்ன ஆச்சு தெரியுமா? புழு மல்பெரியையும் தின்னுச்சு, மத்த செடி இலை, பழம், தானியம்னு சாதாரணப் பட்டுப்புழு தொடாததையும் திங்க ஆரம்பிச்சுது!

அதாவது, மல்பெரி மட்டும் திங்கறதுக்கு மல்பெரி பிடிச்சிருந்தா மட்டும் போதாது. மத்ததை எல்லாம் வேண்டாம்னு சொல்லவும் தெரியணும். அந்த வேண்டாமை எடுத்துட்டா, எல்லாத்துலயும் வாய் வைக்கும். நம்ம பாஷையில சொன்னா, புழு வெச்சிருக்கறது வெறும் அனுமதிப் பட்டியல் இல்ல, பக்கத்துலயே ஒரு காவல்காரனும் நிக்கறான்.

மல்பெரி ஒண்ணும் சாதுவான இலை இல்லைங்கறதும் அப்பதான் தெரிஞ்சுது. அதோட பால்ல சர்க்கரை மாதிரி வேஷம் போடற ஆல்கலாய்டுகள் இருக்கு. மத்த புழு சாப்பிட்டா சர்க்கரையைச் செரிக்கற நொதி முடங்கிடும். பட்டுப்புழுவுக்கு அதால முடக்க முடியாத ஒரு நொதி தனியா இருக்கு. ஊருக்கே விஷம், இதுக்கு மட்டும் சோறு.

நம்ம ஷெட்டுல நடந்ததுக்கும் ஜிஆர்66-க்கும் நேரா முடிச்சு போடாதீங்க. புழுவுக்கு ருசி ஏற்பி 70-க்கு மேல இருக்கு, பூச்சிமருந்து வேற விஷயம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அஞ்சாயிரம் வருஷமா மனுஷன் இதை வளக்கறான். இதோட காட்டுச் சொந்தம் பழுப்பு நிறத்துல மரத்தோட மரமா ஒளிஞ்சுக்கும், அந்துப்பூச்சி ஆனா பறக்கும். வீட்டுப் பட்டுப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாது. புழு வெள்ளை வெளேர்னு இருக்கும், தட்டை விட்டு ஓடாது. ஒளியறது, ஓடறது, பறக்கறது எல்லாத்தையும் நாம வாங்கிட்டோம். வாயை வெச்சுப் பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கறது மட்டும்தான் அதுகிட்ட மிச்சம் இருந்துச்சு. அன்னைக்கு அதையும் பட்டினி போட்டு நான் பறிச்சுட்டேன்.

இப்ப எங்க ஷெட்டுல ஒரு சட்டம் இருக்கு. வெளி இலை வந்தா, முதல்ல இருபது புழுவைத் தனித் தட்டுல விட்டு ஒரு நாள் பாக்கணும். அதுக்கப்புறம்தான் மத்ததுக்கு. விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் இதைத்தான் செய்யறாங்களாம். ஆபீஸ்ல ஒரு வரி மாத்தினாக்கூட டெஸ்ட் பண்ணாம விடாதவன், வீட்டுல நேரா புரொடக்‌ஷன்ல கொண்டு போய்க் கொட்டியிருக்கேன் பாருங்க :-)

போன வாரம் கிளம்பும்போது வழக்கம் போல கேட்டேன். "அம்மா, ஷெட்டை யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு பெங்களூருக்கு வந்துடுங்களேன்." மூணு வருஷமா கேக்கற கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கேப்பேன், அம்மா ஒண்ணு சொல்வாங்க, நான் அதை உடைப்பேன்.

இந்தத் தடவையும் "வேண்டாங் கண்ணு"ன்னாங்க.

நான் காரணம் கேக்கல. மோட்டாருக்கு ஒரு ஸ்பேர் காயில் வாங்கி வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.