வண்டி மலை ஏறுமா?



மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் ஃபிக்ஹும் கற்பிக்கும் ஒருவன் மோட்டார் வாகனத்தைப் பற்றி எழுத வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கல்லூரியில் நான் படித்ததும் வரலாறுதான், இயந்திரவியல் அன்று. ஆயினும் 2025ஆம் ஆண்டின் இறுதியில் என் குடும்பத்துக்காகப் பழைய கார் ஒன்றை வாங்கவும், என்னிடம் இருந்த மற்றொன்றை விற்கவும் நேர்ந்தது. வாங்கும்போது நான் கற்றவை உங்களுக்குப் பயன்படும். விற்கும்போது கற்றதோ என்னை நாணச் செய்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. என் அக்காவின் கணவர் அங்கே தங்கி மிளகும் காப்பிக்கொட்டையும் கொள்முதல் செய்து கீழ்நாட்டுக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறார். முதுமை எய்திய என் தாயாரும் அவர்களுடனேயே வசிக்கிறார். சமவெளியில் மதரஸா வேலையில் இருக்கும் நான், மாதம் இருமுறை மலையேறித் தாயாரை மருத்துவரிடம் அழைத்து வந்து, மீண்டும் கொண்டு சேர்ப்பது வழக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பேருந்தில் வந்தால் தாயார் பாதி வழியிலேயே வாந்தியெடுத்துத் துவண்டுவிடுவார். என்னிடமிருந்த பழைய சிறு காரோ மலைக்குச் சலித்துப் போயிருந்தது. “ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல வண்டியாகப் பாருங்கள், மாப்பிள்ளை. வட்டிக்கு மட்டும் வாங்க வேண்டாம்” என்றார் மச்சான். பெரும்பங்கு அவருடையது, தேடும் பொறுப்பு என்னுடையது.

எத்தகைய வண்டி தேவை? தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்க வேண்டும். மழையில் அரித்த மலைச்சாலையில் அடிவயிறு உரசக்கூடாது. அதே வேளையில், வளைவில் ஒரே முறையில் திரும்பும் அளவுக்குக் குறுகியதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே காம்பாக்ட் எஸ்.யு.வி. என்று இன்று எல்லோரும் சொல்லும் வகை. நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கிய, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு 2006ஆம் ஆண்டில் மத்திய அரசு வரியைக் குறைத்தது. அதன் பயனாகவே இவ்வகை நம் நாட்டில் பெருகியது. நம் மறைமலை நகரில் உருவான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013இல் வந்தது. பின்னர் 2016இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017இல் டாடா நெக்ஸான், 2019இல் ஹூண்டாய் வென்யூ, 2020இல் கியா சோனெட் என்று வரிசையாக வந்தன. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. அத்தகைய வண்டியை விரும்புவோர், உதிரிபாகம் எங்கே எளிதில் கிடைக்கும் என்பதை மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுக்கொள்வது நலம்.

பெட்ரோலா, டீசலா என்பது அடுத்த கேள்வி. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் பி.எஸ். 6 விதி நடப்பில் இருக்கிறது. அதன்படி வந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் சூடேற நெடுந்தூரம் ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். கடைக்கும் பள்ளிக்குமாகக் குறுகிய தூரம் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். ஆகவே எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பெட்ரோலே ஏற்றது. மலைக்காரர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. டர்போ உள்ள சிறு எஞ்சினுக்கு அந்த இழப்பு குறைவு. ஆனால் வளைவில் வேகம் தணிந்ததும் அது ஒரு கணம் தயங்கியே இழுக்கும். எனவே நான் தேடியது 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட பிரெஸ்ஸா. அதன் பெட்ரோல் வடிவம் 2020இல்தான் வந்தது.

முதலில் நான் மயங்கியது ஒரு நகரத்து விற்பனைக் கூடத்தில் பளபளவென்று நின்ற வண்டியிடம். மீட்டரில் 38,000 கிலோமீட்டர் காட்டியது. முன்பணம் கொடுக்கக் கை துடித்தது. நல்லவேளையாக, நாமக்கல்லில் லாரிகளோடு வளர்ந்த மெக்கானிக் நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவினார், வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. “முப்பத்தெட்டாயிரத்துல இது இப்படித் தேயாது, பாய்” என்றார். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவெண்ணைக் கொண்டு பழைய பதிவைக் கேட்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது 81,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது! விற்பவரிடம் கேட்டபோது, “பழைய வண்டின்னா அப்படி இப்படித்தாங்க இருக்கும்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் மீது எனக்கு அன்று எழுந்த சினத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

அன்று திரும்பும் வழியில் நண்பர் கற்றுத் தந்த பாடங்களை இங்கே தருகிறேன்.

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஐயப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலேடு போல் வெண்மை படிந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும்; நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். மலையில் ஓடிய வண்டியானால் பிரேக் தட்டு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். அது அளவு மீறிச் சூடேறியதன் அடையாளம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2320 என்றிருந்தால் 2020ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு கழுவினாலும், வெள்ளத்தில் மூழ்கிய காரின் பட்டையில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். 2015லும் 2023லும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின என்பதை மறவாதீர்கள்.

சில வாரங்களுக்குப் பின், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பிரெஸ்ஸா விற்பனைக்கு இருப்பதாக அறிந்து சென்றோம். நாங்கள் எதையும் கேட்கும் முன்பே அவர் அரைத்தாள் ஒன்றை நீட்டினார். இடப்புறப் பின்கதவு ஒருமுறை தூணில் உரசியதால் வண்ணம் பூசப்பட்டது. இரண்டு டயர்களை விரைவில் மாற்ற வேண்டும். குளிர்சாதனத்துக்கு இரண்டு கோடைகளாக எரிவாயு நிரப்பவில்லை என்று தம் கையால் எழுதி வைத்திருந்தார். மெக்கானிக் நண்பர் ஒரு மணி நேரம் துருவிப் பார்த்தும் அத்தாளில் இல்லாத குறை எதுவும் அகப்படவில்லை. காரவள்ளிக்குக் கொண்டு சென்று பத்து வளைவுகள் ஏற்றி இறக்கினோம். ஏழு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக விலை படிந்தது. 2025 செப்டம்பரில் புதிய கார்களின் ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்டதால், பழையவற்றுக்குப் பேரம் பேசுமுன் புதியவற்றின் அன்றைய விலையைக் கேட்டறிவதும் உதவியது.

ஆவணங்களில் அசட்டை வேண்டாம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். வங்கிக் கடன் இருந்த வண்டியானால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் தேவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். வண்டியை விற்றுக் கைமாற்றிய பின்னும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. “தெரிந்த ஆள்தானே, பிறகு மாற்றிக்கொள்வார்” என்று இருப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பிரெஸ்ஸாவுக்கு என் பங்கைச் செலுத்த, பழைய காரை விற்றாக வேண்டும். இரண்டு வாரமே தவணை. குண்டனி நாட்டைச் சேர்ந்த மலையாளி இளைஞர் ஒருவர், மச்சானுக்கு மிளகு கொடுப்பவர், வண்டியைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பாய், வண்டி மலை ஏறுமா?”

“ஏறும், தம்பி. எத்தனையோ முறை ஏறியிருக்கிறது” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால், நான்கு பேர் அமர்ந்தால் நாற்பதாம் வளைவுக்குள் எஞ்சின் கொதிக்கும் என்பதையும், ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றியே நான் ஏறுவேன் என்பதையும் சொல்லவில்லை. 95,000 ரூபாய்க்குப் பேசி 5,000 ரூபாய் அச்சாரம் கொடுத்தார். புறப்படும்போது, “வீட்டுல ஏழு மாசம், பாய். ராத்திரி ஏதாவதுன்னா எறக்கிக் கொண்டாரணும், அதுக்குத்தான்” என்றார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மறுநாள் பெரிய மாணவர்களுக்கு வியாபாரப் பாடம். மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு கண்டித்த நிகழ்ச்சியைச் சொன்னேன். அடுத்து வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் வரலாறு. ஒருவர் ஒட்டகம் வாங்கிச் செல்வதைக் கண்ட அவர் பின்னால் ஓடிச்சென்று, அதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று கேட்டார். பயணத்துக்கு என்றதும், அதன் பாதத்தில் துளை இருக்கிறது, நெடுவழி தாங்காது என்று சொல்லிவிட்டார். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் நொந்துகொண்டார்.

ஒரு மாணவன் எழுந்தான். “ஹஜ்ரத், அந்த ஒட்டகம் நடக்கத்தானே செய்தது? நடக்கும் என்று சொல்லி விற்றால் அது பொய்யாகுமா?”

நேயர்களே, பதினைந்து ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். மாணவனின் கேள்விக்கு அன்று போல் நாக்கு உலர்ந்ததில்லை. மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு; அதற்கு ‘கியாருல் ஐப்’ என்று பெயர் என்று சட்டத்தைச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்த இளைஞருக்குக் குறை வெளிப்படப்போவது எங்கே? நள்ளிரவில், நாற்பதாம் வளைவில், பேறுகால வலியோடு துடிக்கும் மனைவி அருகிலிருக்கும்போது. அங்கே எந்த உரிமை அவருக்குப் பயன்படும்? மீட்டரைத் திருத்தியவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர் எண்ணைத் திருத்தினார். நான் மெளனத்தால் திருத்தினேன்.

அடுத்த நாள் பேருந்தில் ஏறிக் குண்டனி நாட்டுக்குச் சென்றேன். மிளகு காயவைத்த களத்தில் அவரைக் கண்டு அனைத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இதச் சொல்ல ரெண்டு நாள் ஆச்சா, பாய்?” என்றார். கோபமில்லாமல் கேட்டதால்தான் அது சுட்டது. அச்சாரத்தை அவர் கையில் வைத்தேன். எண்ணிப் பாராமல் மடித்து வைத்துக்கொண்டார். வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

மச்சானுக்கு வருத்தந்தான். “உங்களுக்கு வியாபாரம் தெரியாது, மாப்பிள்ளை” என்றார். ஆயினும் என் பங்கு குறைந்ததை வட்டியில்லாக் கடனாகத் தாமே போட்டுத் தவணை தவறாமல் செலுத்தினார். பழைய வண்டியின் ரேடியேட்டரை மாற்ற 11,000 ரூபாய் செலவாயிற்று. தலைமையாசிரியரைப் பின்பற்றி நானும் அரைத்தாளில் குறைகளை எழுதிக் கொடுத்து, சமவெளியில் ஓட்டுபவர் ஒருவருக்கு 72,000 ரூபாய்க்கு விற்றேன். மச்சானின் கடனை மாதந்தோறும் இன்றும் அடைத்து வருகிறேன்.

தாயார் இப்போது முன் இருக்கையில் அமர்ந்து, வளைவுகளை எண்ணிக்கொண்டே வருகிறார். இறங்கும்போது நான் இரண்டாம் கியரிலேயே இறக்குவேன். பிரேக்கை நம்பி இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கும் என்பது மலையின் முதல் பாடம்.

சென்ற மாதம் மச்சானின் கடை வாசலில் அந்த இளைஞரைக் கண்டேன். கையில் பெண் குழந்தை. நான் தயங்கி நின்றேன். அவரே அருகில் வந்தார். “ராசிபுரத்துல ஒரு வண்டி சொல்றாங்க, பாய். நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்றீங்களா?” என்றார்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறன்று மெக்கானிக் நண்பரையும் அழைத்துக்கொண்டு போகிறோம். வண்டி மலை ஏறுமா என்று இம்முறை அவருக்காக நான் கேட்கப்போகிறேன். நம்மிடம் அக்கேள்வியைக் கேட்பவர் எந்தச் சமயத்தவராயினும், நாம் அறிந்தது அனைத்தையும் சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.