அம்மா சுமந்த பழி

எனக்கு முன் பிறந்த அக்காள் உடம்பு நீலம் பாரித்து ஒன்றரை வயதில் போய்விட்டாள். வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததுதான் காரணமென்று அம்மா சாகும்வரை தன்னையே நொந்துகொண்டாள்.

1888-இல் மார்செய் நகர மருத்துவர் ஃபல்லோ ‘மலாடி ப்ளெ’, அதாவது நீல நோய், என்று எழுதியது இதைத்தான் போலும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தும் எனக்கு அது பின்னாளில்தான் தெரிந்தது.

சென்ற மாதம் பேத்திக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். சிசுவின் இதயத்தில் ஃபல்லோ சொன்ன கோளாறு. பனிக்குட நீரெடுத்து 22-ஆம் குரோமோசோமைச் சோதித்தார்கள், அதில் குறையில்லை.

“பிறந்து சில மாதத்தில் ஆபரேஷன் செய்துவிடலாமாம் தாத்தா” என்றாள். பிறகு தயங்கி, “நான் ஏதும் தப்பு செய்தேனா?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா” என்றேன்.

அம்மாவிடமும் ஒருநாள் அதைச் சொல்லியிருக்கலாம்.