முதுகுப் பக்கம்

சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பிழைப்புக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்த பிறகும், வெளியூர் நண்பர்கள் கோயில் பார்க்க வந்தால் வழிகாட்டி நான்தான். கோபுர வாசலின் கரணச் சிற்பங்கள், பொன்வேய்ந்த கூரை, சிதம்பர ரகசியம் என்று மூச்சுவிடாமல் பேசுவேன். ஆனால் நடராஜரை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. திரை விலகும், தீபம் ஏறும், பின்னால் நிற்பவர் நெருக்குவார். பட்டும் மாலையும் போக முகம் கொஞ்சம், தூக்கிய திருவடி கொஞ்சம். மனசு நிறைந்துவிடும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரேறி வீதிக்கு வருகிறார். அப்போதும் கண்ணுக்கு அகப்படுவது பூக்குவியல்தான்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குள் நான் நுழைந்தது வெயிலுக்குப் பயந்து. பெரியம்மாவைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை எங்கே உட்காருவது? ஆட்டோக்காரர் அரண்மனை வாசலில் இறக்கிவிட்டார்.

நாயக்கர்கள் கட்டி மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனை அது. 1855ல் கடைசி அரசர் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் ராஜ்ஜியத்தைக் கும்பெனி எடுத்துக்கொண்டது. அரசர் இல்லாத கட்டடத்துக்குள் 1951ல் சாமிகள் குடியேறினார்கள். வயல்காட்டிலும் இடிந்த கோயில்களிலும் கிடந்த கற்சிலைகள், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செப்புத் திருமேனிகள் எல்லாம் கலைக்கூடத்தில் சேர்ந்தன. தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோஜி வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிறார். அங்கே கைகூப்பி நின்றவர் அவர் ஒருவர்தான். எனக்குக்கூடக் கை எழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது செம்பா சாமியா என்று உடம்புக்குத் தெரியவில்லை.

திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நெடுநேரம் நின்றேன். முதலாம் ராஜராஜன் காலத்தில், பெரிய கோயில் குடமுழுக்குக்கு மறு வருஷம், 1011ல் வார்த்தது. காலை மாற்றிப் போட்டு, பாம்பைச் சுற்றிய சடைமுடியோடு, வலக்கையை ஒயிலாக மடித்துக் காளையின் மேல் ஊன்றியிருக்கிறார். காளை இல்லை. என்றோ தொலைந்துவிட்டது. ஊன்றிய கை மட்டும் காற்றில் நிற்கிறது. அந்தக் கையைப் பார்த்தால் காளையின் உயரத்தைச் சொல்லிவிடலாம். இதைப் பெரியம்மாவுக்கு விளக்கலாமென்று திரும்பினால் ஆளைக் காணோம்.

அவள் ஒரு நடராஜர் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிரதட்சிணம்!

“என்ன பெரிம்மா இது, காட்சி சாலைல?”

“பொட்டிய சுத்தலடா, சாமியத்தான் சுத்துறேன். இங்கதானே இவ்ளோ கிட்ட சுத்த விடறான்? அப்பாடி, முதுகப் பாரேன்.”

பார்த்தேன். முதுகுத்தண்டின் பள்ளம், பிடரியில் புரளும் சுருள்முடி, இடுப்புக் கச்சையின் முடிச்சு. அலங்காரம் செய்தால் இவ்வளவும் பட்டுக்குள் போய்விடும். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே, முன்பக்கத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை முதுகுக்கும் கொடுத்திருக்கிறார் ஒரு ஸ்தபதி. மெழுகில் உரு செய்து, வண்டல்மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய இடத்தில் உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்து எடுக்கும் வேலை இது. அச்சு உடைந்தபின் இன்னொன்று அதேபோல் வராது. திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி 1913ல் உருகி எழுதிய பிரெஞ்சுச் சிற்பி ரோதென், அதைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்தவர். நான் கோயில் ஊர்க்காரன், எனக்கு முதுகு தெரிய இத்தனை வயசாகியிருக்கிறது.

இந்தச் செப்புச் சாமிகள் ஆபத்துக் காலத்தில் மண்ணுக்குள் ஒளிக்கப்பட்ட கதை சிதம்பரத்துக்காரனுக்குப் புதிதல்ல. எங்கள் நடராஜரே 1648ல் ஊரைவிட்டுப் போய், குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்து, 1686ல்தான் திரும்பினார். அவரைக் கொண்டுபோனவர்களும் கூட்டி வந்தவர்களும் இருந்தார்கள். புதைத்தவர் இறந்துபோய், இடம் யாருக்கும் தெரியாமல் போன சாமிகள்தான் ஏர்முனையிலும் கடைக்காலிலும் தட்டுப்பட்டு அருங்காட்சியகங்களுக்கு வந்தன.

(பெரியம்மாவுக்கு அன்று மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், தரங்கம்பாடியில் 1955ல் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு என்பாள். அரண்மனைக் கோபுரத்தில் வைத்திருக்கிறார்கள். முட்டிவலியோடு படியேறிப் பார்த்தாள்.)

திரும்பும் ரயிலில், கும்பகோணம் தாண்டியதும், அவளாகவே ஆரம்பித்தாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரர் திருட்டுப் போய், கடல் கடந்து, 2004ல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைக்குப் போனது. கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்ந்து 2014ல்தான் இந்தியா திரும்பியது.

“வாரா வாரம் அந்தப் பிரகாரத்த சுத்துனவடா நானு. சாமி போனதே தெரியல. பேப்பர்ல வந்தப்பறம்தான் தெரியும்.”

அதற்கு என்னிடம் பதிலில்லை. முதுகைக் காட்டித் தந்தவள் அவள். பக்தியோடு சுற்றுகிறவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மதியம் நான் கட்டிய எண்ணத்தைக் கொள்ளிடம் வருவதற்குள் அவளே கலைத்துவிட்டாள். விருத்தாசலத்துச் சிலையின் இடத்தை நிரூபித்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1974ல் எடுத்து வைத்திருந்த புகைப்படம். கும்பிட வராமல், பார்த்துக் குறித்துவைக்க மட்டும் வந்த யாரோ ஒருவர் எடுத்தது.

இப்போது கடலூர்ப் பக்கத்துச் சின்னக் கோயில்களுக்குப் போனால், முதலில் கும்பிட்டுவிடுகிறேன். அப்புறம் குருக்களிடம் அனுமதி கேட்டு மாடத்துச் சிலைகளைக் கைப்பேசியில் படமெடுக்கிறேன். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, உடைந்த மூக்கு, தேய்ந்த விரல் இருந்தால் அதைக் கிட்டத்தில் ஒன்று. ஊர்ப்பெயர், தேதி, எந்தச் சுவர் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறேன். நல்ல சிலையை விட்டுவிட்டு மூளியானதை ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு குருக்கள் கேட்டார். திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல அந்த மூளிதான் உதவும் என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கில் எனக்குத் தெரியாமல் போன இன்னொரு விரிசலைத் துணியால் துடைத்துக் காட்டினார்.