ஜெர்சி மின்னல்

பிஸ்கட்டவே என்ற பெயரை முதலில் கேட்டபோது பிஸ்கட் கம்பெனி இருக்கிற ஊர் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நியூ ஜெர்சியில் 1666-ல் உண்டான ஊர் அது. என் மைத்துனன் வீடு அங்கே.

போன அன்று ராத்திரி சாப்பிடக் கிளம்பும்போது அவன் கையில் மஞ்சப்பை. உள்ளே பியர் பாட்டில்கள். "இங்க பாதி ஹோட்டல்ல சரக்கு கிடையாது அத்தான். பியரோ ஒயினோ நாமளே கொண்டு போயிக்கலாம்" என்றான். மூவாயிரம் பேருக்கு ஒரு பார் லைசென்ஸ் என்பது இந்த மாநிலத்துக் கணக்கு. அந்த லைசென்ஸ் கைமாறும் விலைக்கு நம்மூரில் கல்யாண மண்டபமே கட்டலாம். "அப்ப காக்டெயில் குடிக்கணும்னா?" என்றேன். "வீட்லதான். நாளைக்குப் போட்டுத் தாரேன். இந்த ஊர் சரக்கு."

இந்த ஊர் சரக்கு என்றால் ஆப்பிள்ஜாக். ஜெர்சி மின்னல் என்று அதற்குப் பட்டப்பெயர். மறுநாள் அது பிறந்த இடத்தையே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். பிஸ்கட்டவேயில் ஏறினால் 18-ம் எண் சாலை நேரே தெற்கே கோல்ட்ஸ் நெக் வரைக்கும் கொண்டுபோய்விடுகிறது. அக்டோபர் மாதம். இரு பக்கமும் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன. குதிரைப் பண்ணைகள் வர ஆரம்பித்ததும் ஊர் வந்துவிட்டது என்றான்.

1698-ல் ஸ்காட்லாந்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறியவர் வில்லியம் லேர்ட். அவர் வம்சத்தில் வந்த ராபர்ட் லேர்ட், ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் சிப்பாய். ஆப்பிள் சாராயம் வடிக்கிற பக்குவத்தை வாஷிங்டனே இந்தக் குடும்பத்திடம் கேட்டு வாங்கினார் என்று சொல்கிறார்கள். 1780-லிருந்து வியாபாரம். 1849-ல் பழைய சாராய ஆலை எரிந்துபோக, இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து ஸ்கோபிவில்லில் புதிதாகக் கட்டினார்கள். இன்றும் கம்பெனி அங்கேதான். நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை, வெளியே நின்று பார்த்ததோடு சரி. உள்ளே போயிருந்தாலும் ஆப்பிள் வாசனை அடித்திருக்காது. வடிப்பதெல்லாம் இப்போது வர்ஜீனியாவில். ஜெர்சியின் தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன.

எனக்கு இதில் பிடித்தது சரித்திரம்கூட இல்லை. சாலையோரக் கடையில் ஒரு கேலன் ஆப்பிள் சாறு வாங்கினோம். வடிகட்டாத, கலங்கலான, பழுப்புச் சாறு. ஒரு வாய் குடித்ததும் உடன்குடிப் பக்கம் விடிகாலையில் பனங்காட்டில் குடித்த பதநீர் நினைவு வந்தது. கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள், அதையே காய்ச்சி வடித்தால் சாராயம். இங்கேயும் அதே மூன்று படி. இந்தச் சாறு பொங்கினால் புளித்த சைடர். அந்தக் காலத்துக் குடியானவர்கள் அதைப் பீப்பாயோடு பனியில் வைத்துவிடுவார்களாம். தண்ணீர் உறையும், சாராயம் உறையாது. மேலே கட்டியதை எடுத்து எறிந்தால் மிச்சம் மின்னல். அடுப்பில்லாத சாராயம்! நம் ஊர் வெயிலில் நடக்கிற காரியமா?

ஒரு வித்தியாசம் உண்டு. நம்மூரில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை. பனையேறிகளின் பேரன்கள் டாஸ்மாக்கில் பிராந்தி குடிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கரும்பாலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட், திராட்சை பேருக்குத்தான். சிரிக்க வேண்டாம், லேர்டின் சாதா ஆப்பிள்ஜாக்கிலும் ஆப்பிள் 35 சதவீதந்தான், மீதி தானிய ஸ்பிரிட். முழு ஆப்பிள் வேண்டுமென்றால் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று எழுதியதை எடுக்கலாம். மைத்துனன் விவரமானவன், அதைத்தான் வாங்கி வைத்திருந்தான்.

சாயங்காலம் அவன் போட்டது ஜாக் ரோஸ். 60 மில்லி ஆப்பிள்ஜாக், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி மாதுளைப் பாகு. கடையில் விற்கும் சிவப்புப் பாகு வெறும் சாயத் தண்ணீர் என்று, ஓக் ட்ரீ ரோட்டில் மாதுளை வாங்கிப் பிழிந்து, சரிக்குச் சரி சீனி போட்டுத் தானே கிண்டினான். ஐஸோடு சேர்த்துக் குலுக்கி வடித்தபோது பன்னீர் ரோஜா நிறம். முதலில் புளிப்பு, பிறகு மாதுளையின் துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் சுட்ட ஆப்பிள்.

ஜாக் ரோஸ் யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நானே தேடிப் படித்துச் சொன்னேன். 1912-ல் நியூயார்க் கொலை வழக்கில் பேர் அடிபட்ட ரவுடி ஒருவன் அந்தப் பேரில் உண்டு. ஆனால் 1905-லேயே ஒரு பத்திரிகை, இந்தக் காக்டெயிலைக் கண்டுபிடித்தவர் ஜெர்சி சிட்டி பவோனியா அவென்யூவில் மது ஊற்றிக்கொடுத்த ஃபிராங்க் மே, அவரைத்தான் ஜாக் ரோஸ் என்பார்கள் என்று எழுதிவிட்டது. மைத்துனன் கிளாஸைக் கீழே வைத்தான். "பவோனியாவா? ஆறு வருஷம் அங்கதான் அத்தான் ட்ரெயின் இறங்கி ஆபீஸ் போனேன்."

மிச்சமிருந்த சாறு, ஃபிரிட்ஜில் இடமில்லாமல் கராஜில் கிடந்தது. ஐந்தாம் நாள் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று நுரை. "கெட்டுப்போச்சு" என்று கொட்டப் போனான்.

"இருடா மாப்ள" என்றேன்.