வலியும் அடுப்படியும்

குணமாகாத புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளும் வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் மகளோ மருமகளோதான் எல்லாவற்றையும் சுமக்கிறாள். பார்க்க வரும் உறவினர்கள் ஆப்பிளோடு ஆளுக்கொரு மூலிகையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள் (காசா, பணமா!).

இரவுதான் கொடுமை. நோயாளி முனகினால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. வலி தணிக்க மருத்துவர் தரும் சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் கொடுக்கவேண்டும். "பழகிவிடுமோ" என்று பயந்து தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் பெரிதும் வீண். மலச்சிக்கல்தான் நிஜத் தொல்லை. அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்கவேண்டும்.

இந்தச் சுமையைக் குடும்பம் தனியாகவே சுமக்க வேண்டியதில்லை. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய, வலி தணித்து நோயாளியைத் தாங்கும் நோய் ஆதரவு சிகிச்சை அமைப்பு, பின்னாளில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பியது. 2008-ல் கேரள அரசு இந்தச் சிகிச்சைக்கென்று கொள்கையே வகுத்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் தெருவில் இப்படியொரு வீடு இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். முடிந்தால், ஒரு ராத்திரி அவர்களுக்காக நீங்கள் கண்விழியுங்கள்.