என் பெயர் எங்கே?

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு எமது பாடசாலை அதிபர் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. சில ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது இப்பாடசாலையின் விழா மண்டபத்திலேயே நிகழ்ந்தது. அதற்கான முழுப் பொறுப்பும் என்னுடையதே. கணினித் துறையில் பல்லாண்டு காலம் தொழில் புரிந்த ஒருவன் செய்திருக்கக் கூடாத பிழை அது. அதனை ஒளிக்காமல் எழுதுவதால் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் சிறிதேனும் பயன் விளையுமாயின் மகிழ்வேன்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழா ஒரு சனிக்கிழமை மாலை நடைபெறவிருந்தது. மற்றைய வகுப்புகளுக்கான சான்றிதழ்களை அச்சகத்தார் முன்னரே தந்துவிட்டனர். மழலையர் வகுப்பின் 18 பிள்ளைகளுக்குரியவை மாத்திரம் எஞ்சியிருந்தன. வாசகம் முழுவதும் அச்சிடப்பட்ட தாள்கள் கைவசம் இருந்தன. கோடிட்ட இடத்தில் பெயரைப் பதித்தால் போதும். "அது எனக்கு ஐந்து நிமிட வேலை" என்று கூறி நானே முன்வந்தேன். நான் எழுதிக் கொடுத்திருந்த பதிவு நிரலில் வகுப்பாசிரியை வெள்ளிக்கிழமை இரவு பெயர்களைத் தட்டச்சுச் செய்தார். அவை 'ஜேசன்' என்னும் வடிவில் ஒரு கோப்பாக என் கணினியை வந்தடைந்தன.

இந்த ஜேசன் என்பது யாது? கணினியின் நினைவகத்தில் ஒரு மாணவரின் விவரம் அறை அறையாகப் பிரிந்திருக்கும். பெயருக்கு ஓர் அறை, வயதுக்கு ஓர் அறை, தந்தை பெயருக்கு ஓர் அறை. ஆனால் கோப்பில் எழுதும்போதும் வேறொரு கணினிக்கு அனுப்பும்போதும் அவை யாவும் ஒரே நீண்ட எழுத்து வரிசையாக மாற வேண்டும். அறைகளை வரிசையாக்குவது குறியாக்கம். அந்த வரிசையைப் படித்து அறைகளை மீண்டும் எழுப்புவது பகுப்பு. இவ்விரண்டையும் செய்வதற்குப் பல வடிவங்கள் உள்ளன. அவற்றுள் எளிமையால் உலகெங்கும் பரவியது, 2000களின் தொடக்கத்தில் டக்ளஸ் குரொக்போர்ட் என்னும் அமெரிக்க நிரலாளர் வகுத்துத் தந்த ஜேசன். பைதன் என்னும் நிரல்மொழியின் நூலகத்தில் அது 2008ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுள்ளது. எழுதுவதற்கு ஒரு கட்டளை, வாசிப்பதற்கு ஒரு கட்டளை, அவ்வளவே.

பகுப்பு என்றதும் உயர் வகுப்பு மாணவர்களுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் நினைவுக்கு வரலாம். 'நடந்தனன்' என்ற சொல்லில் 'நட' பகுதி, 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம், அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை, 'அன்' சாரியை, இறுதியில் உள்ள 'அன்' விகுதி. சேர்ந்து நின்றதைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டுக் காட்டுகிறோம். கணினி நூலகம் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. 'தாமரை' என்பது பூவையும் குறிக்கும். 'தா மரை' எனப் பிரிந்து தாவுகின்ற மானையும் குறிக்கும். நன்னூலார் இத்தகைய சொற்களைப் பொதுமொழி என்றார். இடம் நோக்கி எது பொருள் என்று நாம் அறிந்துகொள்வோம். கணினி அவ்வாறு அறியாது. ஆகவே ஐயத்திற்கு இடமின்றி எழுத வேண்டியுள்ளது. சொல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மேற்கோட்குறி; உறுப்பின் பெயருக்கும் அதன் மதிப்புக்கும் நடுவே முக்காற்புள்ளி; ஒன்றையொன்று பிரிக்கக் காற்புள்ளி. பெயருக்குள்ளேயே ஒரு காற்புள்ளி வந்தாலும், அது மேற்கோட்குறிகளுக்குள் இருப்பதால் பெயரின் பகுதியாகவே கொள்ளப்படும்.

அவ்விரவு கோப்பைத் திறந்து பார்த்த நான் திடுக்கிட்டேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. பின்சாய்வுக் கோடுகளும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தன. உண்மையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பைதனின் நூலகம், வேறு கட்டளை இடாவிட்டால், எந்தப் பழைய கருவியும் கெடுக்க முடியாத 128 அடிப்படைக் குறிகளை மட்டுமே கொண்டு எழுதும். அவற்றுள் அடங்காத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறியில் உரிய எண்ணை எழுதி வைக்கும். கவின் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். (பிள்ளையின் உண்மைப் பெயர் அதுவன்று.) நாம் மூன்று எழுத்து என்கிறோம். ஒருங்குறியிலோ அது ஐந்து குறிகள்: ககரம் 2965, வகரம் 2997, இகரக் குறி 3007, னகரம் 2985, புள்ளி 3021. ஒரு குறிக்கு ஆறு இடம் வீதம் 'கவின்' 30 இடங்களைப் பிடித்துக்கொண்டு, பார்ப்பதற்கு அலங்கோலமாக நின்றது. ஆயினும் வாசிக்கும் கட்டளையை இட்டவுடன் 'கவின்' அப்படியே திரும்பி வந்தான். அலங்கோலம் இருந்தது, இழப்பு இல்லை.

பிழை அதன் பின்னரே நேர்ந்தது. தாளில் பெயர் பதிப்பதற்கு, ஆங்கிலப் பெயர்களுக்காக நான் முன்னொரு காலத்தில் எழுதிய பழைய நிரல் ஒன்றைப் பயன்படுத்தினேன். அதற்குத் தெரிந்தவை அந்த 128 குறிகள் மட்டுமே. முதற் பெயரைக் கண்டதும் நிரல் நின்றுவிட்டது. இவ்வெழுத்து 128க்குள் அடங்கவில்லை, எழுத இயலாது என்னும் பொருள்பட ஒரு வழுச் செய்தி திரையில் தோன்றியது. நேரம் நள்ளிரவைக் கடந்திருந்தது. எழுத முடியாத எழுத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பைதனிடம் நாம் சொல்லலாம். 'நின்றுவிடு' என்பது அதன் இயல்பான நிலை. 'வேறொன்றை இட்டுத் தொடர்ந்து செல்' என்பது மற்றொரு நிலை. நான் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து இரண்டாவது நிலைக்கு மாற்றினேன். வழுச் செய்தி மறைந்தது. அச்சுப்பொறி 18 தாள்களையும் வரிசையாக, முகம் கீழாக, வெளியே தள்ளியது. பட்டியலும் அந்நிலையிலேயே பழைய கோப்பின் மேல் எழுதப்பட்டுவிட்டது. வேறு பிரதி இல்லை. தாள்களைப் புரட்டியும் பாராமல் சுருட்டி, நாடா கட்டி, பெட்டியில் வைத்துவிட்டு உறங்கச் சென்றேன்.

மறுநாள் மேடையில் ஆசிரியை தம் கையேட்டைப் பார்த்தே பெயர்களை அழைத்தார். ஆதலால் எவரும் எதையும் அறியவில்லை. விழா முடிந்து சிற்றுண்டி வழங்கும் நேரத்தில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சான்றிதழை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்தான். "அங்கிள், இதில் என் பெயர் எங்கே?" என்று கேட்டான்.

பெயர் இருக்க வேண்டிய கோட்டின் மேல் ஐந்து வினாக்குறிகள் இருந்தன. ஐந்து குறிக்கு ஐந்து வினாக்குறிகள். கணக்கில் மட்டும் பிழையில்லை.

அவனுடைய அம்மம்மா அருகில் நின்றார். விசயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுதப் பழக்கியவர் அவரே. அந்த ஆண்டில்தான் அவன் தன் பெயரைத் தானாக வாசிக்கக் கற்றிருந்தான். அம்மூதாட்டி கோபிக்கவில்லை. "தம்பி, கணினிக்குத் தமிழ் வராதோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனெனில் கணினிக்குத் தமிழ் வரும். 1990களில் நிலைமை வேறு. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறையைக் கொண்டிருந்தது. ஒரு கணினியில் எழுதிய கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தோன்றும். அக்குறையைத் தீர்க்கப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கூடி ஆராய்ந்து 'திஸ்கி' என்னும் பொதுக் குறிமுறையை உருவாக்கினர். 1991ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. காலப்போக்கில் அதுவே எங்கும் நிலைபெற்றது. 1992இல் கென் தொம்சன் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளில் அடங்கிவிடும். பொது வெளியில் பரிமாறப்படும் ஜேசன் அம்முறையிலேயே அமைதல் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் இணைய நியமம் விதித்துள்ளது. இத்தனை பேர் உழைத்துத் திறந்துவைத்த கதவை, அன்றிரவு ஒரே சொல்லால் அடைத்தவன் நான். கணினி, "என்னால் இயலவில்லை" என்று நேர்மையாகச் சொன்னது. அதன் வாயை அடைத்தவனும் நானே.

இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு. காரணம் கருதிச் சான்றோர் ஏற்றுக்கொள்ளும் வழு அது. நான் செய்தது வழுவமைதி அன்று, வழுவை மறைத்தல். பின்சாய்வுக் கோடுகளாக நின்ற பெயரை எப்போதும் மீட்கலாம். வினாக்குறியாகிவிட்ட பெயரை எந்த நூலகத்தாலும் மீட்க முடியாது. ஐந்து வினாக்குறிகள் 'கவின்' ஆகவும் இருக்கலாம், ஐந்து குறிகள் கொண்ட வேறொரு பெயராகவும் இருக்கலாம். அவையே ஒழுங்காகவும் அமைதியாகவும் தோன்றியமைதான் இதில் உள்ள ஆபத்து.

பெயர்களை மீட்டுத் தந்தது ஆசிரியையின் கையேடு. நீல மையால் எழுதப்பட்ட அந்த 18 பெயர்களையும் பார்த்து, புதிய தாள்களில் என் கையாலேயே எழுதினேன். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் சென்று, வாசித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். அச்சிறுவன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இப்போது சரி" என்றான்.

அதன்பின் எமது பதிவு நிரலைத் திருத்தி அமைத்தேன். எழுதப்பட்ட ஒவ்வொரு கோப்பும் உடனே மீண்டும் வாசிக்கப்பட்டு, முதலில் இருந்ததோடு ஒப்பிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் நிரல் நின்றுவிடும். பழைய கோப்பின் மேல் எதுவும் எழுதப்படுவதில்லை. குடும்பப் பெயர் என்னும் வழக்கம் நம்மவர் பலரிடம் இல்லை. அந்த அறையில் எதையாவது இட்டு நிரப்பாமல், 'இல்லை' என்றே பதிகிறோம். ஜேசனில் அதற்கெனவே வெறுமை என்றொரு மதிப்பு உண்டு. இல்லாததை இல்லை என்று எழுதுவதும் உண்மை உரைத்தலே.

மாணவச் செல்வங்களே, வகுப்பில் ஒன்று விளங்காதபோது "விளங்கவில்லை" என்று சொல்லுங்கள். அது குற்றமன்று. தலையை ஆட்டிவிட்டுப் போவதே உள்ளே ஒரு வினாக்குறியை இட்டு மூடுவதாகும்.

பெற்றோர்களிடமும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பேசும் தமிழில் ஆங்கிலம் கலக்கும். லகரமும் ளகரமும் இடம் மாறும். திணையும் பாலும் தடுமாறும். கேட்பதற்கு அது அந்தப் பின்சாய்வுக் கோடுகளைப் போல அலங்கோலமாகவே இருக்கும். ஆயினும் எதுவும் அழிந்துவிடவில்லை. பொறுமையோடு வாசிப்பவருக்கு உள்ளே இருக்கும் தமிழ் புலப்படும். அதைக் கேட்டு நாம் நகைத்தால் பிள்ளை மௌனமாகிவிடும். வீடு அமைதியாக இருக்கும்; பிழையும் கேட்காது. அந்த அமைதிக்கே நாம் அஞ்ச வேண்டும்.

கவின் இப்போது மேல் வகுப்பில் பயில்கிறான். இவ்வாண்டுச் சான்றிதழ்களை, நாடா கட்டுமுன், அவனும் நானும் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தோம். எல்லாப் பெயர்களும் இருந்தன.