தரையில் இறக்கிய பிறகே கடைசி முறுக்கு

மாருதி 800 காரின் முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் ஒரே தூணாக நிற்கின்றன. ஸ்ட்ரட் எனப்படும் இந்த அமைப்புக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சன். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபோர்டு கார்களில் இது இடம்பெற்றது. இடத்தை அடைக்காது, உறுப்புகளும் குறைவு என்பதால் சிறிய கார்களுக்கு இதுவே வழக்கமாயிற்று. தூணின் அடியில் லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கிறது. ஸ்டெபிலைசர் பார் முன்பின் நகராமல் நிறுத்துகிறது. இவை சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் உள்ளன. குழியின் அடியும் வேகத்தடையின் அடியும் அந்த ரப்பரில்தான் இறங்குகின்றன.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. மாசு விதி கடுமையானதால் 2010 ஏப்ரலிலேயே சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் புதிய வண்டி விற்பனை நின்றுவிட்டது. 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் கட்டிவிட்டுக் காரை வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் துணை, கருவிப் பையோடு வீட்டுக்கே வந்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்.

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டுப் போர்டிகோவில், இருபது வயது கடந்த ஒரு மாருதிக்கு முன்சக்கரத் தூணையும் புஷ்களையும் மாற்றும் வேலை நடந்தது. வந்தவர் அறுபதை நெருங்கும் மெக்கானிக். கூடவே ஒரு கையாள். கருவி எதையும் எடுக்குமுன் பானெட்டின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒருமுறை எழுந்து நின்றுவிடும். இது மூன்று முறை ஆடியது. தூணில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. லோயர் ஆர்மில் லிவரைக் கொடுத்து நெம்பியபோது 'டக்'கென்று சத்தம் வந்தது. டயரை விரலால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. தூண் இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றிருந்தால் வண்டி திருப்பத்திலும் பிரேக்கிலும் ஒரே சீராக நிற்காது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே சக்கரம் கழன்றது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக்கூடாது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே எண்ணெய் விடச் சொல்லியிருந்தார். பிரேக் ஹோஸைத் தூணிலிருந்து விடுவித்து, அதன் மேல் எடை தொங்காதபடி கம்பியால் கட்டினார்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம், தூணிலிருந்து சுருள்வில்லைப் பிரிப்பது. கழற்றிய பிறகும் வில் அழுத்தத்திலேயே இருக்கும். மேல் நட்டை அவசரப்பட்டுத் திறந்தால் பாய்ந்துவிடும். இதற்கென்றே உள்ள கருவி, கொக்கிகள் பொருத்திய இரண்டு நீண்ட மரைத்தண்டுகள். வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் அவற்றை மாட்டி, இங்கே நாலு சுற்று, அங்கே நாலு சுற்று என மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வில் வளைந்து கொக்கி நழுவும். மெக்கானிக் மரையில் கிரீஸ் தடவி, கொக்கிகளை ஆட்டிப் பார்த்து, கூடுதல் காவலாக வில்லைச் சங்கிலியால் சுற்றினார். அதுவரை பக்கத்திலேயே நின்ற கையாளிடம், "தம்பி, நீ போர்டிகோ தூணுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார். வில் கையால் சுழற்றும் அளவு தளர்ந்த பிறகே மேல் நட்டில் ஸ்பேனர் வைத்தார். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

பழைய புஷ்ஷை வெளியே தள்ள ஒரு வைஸும் இரண்டு சாக்கெட்டுகளும் போதுமானவையாக இருந்தன: சிறியது தள்ளியது, பெரியது வாங்கிக்கொண்டது. புதிய புஷ் வழுக்கி ஏறச் சோப்புத் தண்ணீரைத் தடவினார். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும்.

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் பூட்டும் வேலை முடிந்தது, ஒன்றைத் தவிர. லோயர் ஆர்ம் போல்ட்டை அவர் முழுதாக முறுக்கவில்லை. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தடித்த பலகைகளின் மேல் இறக்கி, நாலு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, பிறகு அடியில் படுத்து முறுக்கினார். "சார், வண்டி தன் கால்ல நிக்கும்போதுதான் இதை இறுக்கணும்" என்றார். புஷ்ஷின் உள்குழல் போல்ட்டோடும், வெளிக்குழல் ஆர்மோடும் இறுகியிருக்கும். இடையே ரப்பர் முறுக்கிக்கொடுத்து வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கேறியே கிடந்து சீக்கிரம் கிழியும். வாங்கியவர் புஷ் மட்டம் என்பார். மட்டமானது பூட்டிய முறை.

இந்த அறிவை அவர் பள்ளியில் படிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர், அம்பாசடர், பத்மினி என்று கை பழகி மாருதிக்கு வந்தார். பட்டறை இருந்த இடத்தின் வாடகை கட்டுப்படியாகாமல் போனபின் கருவிப் பையே பட்டறை ஆனது. இன்று புதிய கார்களின் வேலை அவரைத் தேடி வருவதில்லை.

அவருடைய கூலிதான் பில்லில் பேரம் பேசப்படும் ஒரே வரி. ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியில் அச்சிட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்கள், நாள் முழுக்க மண்ணில் படுத்து எழுந்தவரிடம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். கூலி போதாத இடத்தில்தான் கமிஷன் நுழைகிறது. கமிஷன் நுழைந்த இடத்தில் அசல்போலப் பெட்டி போட்ட போலிப் பொருளும் நுழைகிறது. இடையில் நிற்பவருக்கு லாபம். பழி மட்டும் மெக்கானிக்குக்கு. இவர் வீட்டுக்காரரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு அழைத்துப்போய், அவர் பெயரிலேயே பில் போடச் செய்து, கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். இந்த நேர்மை நிலைக்க வேண்டுமானால், கைவேலைக்கு உரிய விலையை நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

தூண் மாறினால் சக்கரக் கோணமும் மாறும். அதனால் அன்று மாலையே வண்டி வீல் அலைன்மென்ட்டுக்குப் போனது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார், வந்தார்.